நீ சொன்னது, நான் பேசியது

பழனியம்மா, என் கண்ணு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பாதிக் கொடியில் நீ விட்டுப்போன மிளகை உன் வீட்டுக்காரர் பறித்துக் காயப்போட்டு விற்றுவிட்டார். இப்போது பலாக்காலம். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் சீட்டுக்கு அடியிலெல்லாம் பழம் கிடக்கிறது, கால் வைக்க இடமில்லை.

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உன்னைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே முடித்திருந்தேன். நீ படித்திருந்தால் அந்த இரண்டு பக்கத்தையும் தள்ளிவிட்டு, "செரி, விசயத்துக்கு வா" என்றிருப்பாய். வருகிறேன்.

நான் உன் பேச்சைத் திருடினேன். இரண்டு வருஷம் திருடினேன். அதை நீ உன் காதால் கேட்ட பிறகும், உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு நாலு மாதம் இருந்தது. வாய் திறக்கவில்லை. அதனால் இப்போது ஊரார் கேட்கச் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு நம் இருவரையும் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

பதினோரு வருஷமாக நான் சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, கொல்லிமலையில் ஒரு அரசு அலுவலகத்துக்கு குமாஸ்தா வேலைக்குப் போய்வருகிறேன். பஸ்ஸில் நாவல் படிப்பேன். காரவள்ளி தாண்டி வளைவுகள் தொடங்கியதும் தலை சுற்றும், புத்தகத்தை மூடிவிடுவேன். ஒருநாள் அப்படி மூடியபோது பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க, அதுக்குள்ள மூடிப்போட்டீங்க? எனக்கு இன்னும் ரெண்டு வரி இருந்துச்சுங்க."

நீதான். மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு, நான் படித்த பக்கத்தையே நீயும் சேந்தமங்கலத்திலிருந்து படித்துக்கொண்டு வந்திருக்கிறாய். தலை சுற்றும் என்றேன். "அப்ப இங்க குடுங்க, எனக்கெல்லாம் சுத்தாது" என்று வாங்கிக்கொண்டாய். எழுபது கொண்டை ஊசி வளைவும் நீ தலை நிமிரவில்லை. செம்மேட்டில் இறங்கும்போது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "இந்தப் பொம்பள அவன நம்பியிருக்கக் கூடாதுங்க" என்றாய்.

நீ பத்தாவது வரைக்கும் படித்தவள். மரவள்ளியும் மிளகும் போட்ட ஒன்றரை ஏக்கர், வீட்டுக்காரர், நித்யா என்று ஒரு மகள். நூலகத்திலிருந்து என் அட்டையில் எடுத்த புத்தகத்தை உனக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். புதன்கிழமை மதியம் என் ஆபீஸுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் நீ போன வாரத்துப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாய். ஆறு மாதத்தில் 'மேடம்' போய் 'கலா' ஆனேன். 'நீங்க' போய் 'நீ' ஆனேன். வயதும் நமக்கு ஒன்றுதானே.

ஒன்பது வருஷப் புதன்கிழமைகள்! டீக்கடைக்காரர் நாம் குடும்பத் தகராறு பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நீ ஒரு கொலைக் கதையைப் படித்துவிட்டு, "கொன்னது யாருன்னு எழுதுனவருக்கே கடைசிப் பக்கத்துலதான் தெரிஞ்சிருக்கும்" என்றாய். எனக்கு உயிரான ஒரு காதல் நாவலை, பெஞ்சில் பொத்தென்று போட்டாய்.

"ரெண்டு பேரும் ஒரு தடவ எதிரெதிரா உக்காந்து பேசியிருந்தா நாப்பதாம் பக்கத்துலயே கதை முடிஞ்சிருக்கும். பேசாம இருக்கறதுக்கு முந்நூறு பக்கமா?"

"பேச முடியாததுதான்டி கதையே" என்று நான் சண்டைக்கு வந்தேன்.

"பேச முடியாதது வேற, பேச மாட்டேங்கறது வேற" என்றாய். அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டு டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனேன். அடுத்த புதன் நீயே முதலில் சிரித்தாய்.

பிடித்ததைச் சொல்வதிலும் உனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஒரு தபால்காரரின் பெண்டாட்டி வீட்டைவிட்டுப் போகிற சின்ன நாவல் ஒன்று. அதை மூன்று தடவை படித்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "ஊட்ட உட்டுப் போறவ, அடுப்ப அணைச்சமான்னு திரும்பி வந்து பாத்துட்டுப் போறா பாரு. அந்த எடம் பொய்யில்ல" என்றாய். நான் காசு கொடுத்து வாங்கித்தந்த, மூன்று பாகமாக வந்த ஒரு பெரிய குடும்பக் கதையை மட்டும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஐப்பசி மழைக்கு. அப்ப காட்டுல வேல இருக்காது" என்று எடுத்து வைத்தாய். மூன்று ஐப்பசி போயிற்று. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏதோ ஒரு வேலை இருந்தது.

சேந்தமங்கலத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர்கள் கூடுவார்கள். டியூஷன் சென்டர் ஒன்றின் மாடி, இருபது பிளாஸ்டிக் நாற்காலி. நான் அங்கே போக ஆரம்பித்தபோது ஆறேழு மாதம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுகிறவர்கள் எல்லாம் பெரிய பெரிய சொற்களாகப் பேசினார்கள். ஒரு மாதம், குடும்பத்துக்காகவே தேய்ந்து சாகிற ஒரு தாயைப் பற்றிய நாவலை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். தலைவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "நீங்களும் ஏதாச்சும் சொல்லுங்கம்மா" என்றார்.

அந்த வாரப் புதன்கிழமை நீ சொன்னது என் காதிலேயே இருந்தது. "இவ இத்தன பேருக்கு ஆக்கிப் போடறாளே, அவ ஒரு வாய் தின்னதா எங்கியாச்சும் எழுதியிருக்குதா? நான் தேடிப் பாத்துட்டேன் கலா. எங்கயுமே இல்ல. எழுதுனவருக்கும் அவ ஆக்கிப்போட்டாப் போதும்போல."

அதை எழுந்து நின்று சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கோணத்துல யாருமே பாக்கலீங்க" என்றார். 'இது என் சிநேகிதி சொன்னது' என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கை தட்டிவிட்டார்கள்.

ஒரு தடவை என்றால் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த மாதமும் என்னைப் பேசச் சொன்னார்கள். அடுத்த மாதமும் நீ சொன்னதைத்தான் பேசினேன். உன் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றி, நடுவில் இரண்டு பெரிய சொல்லைப் போட்டால் போதும், அது என்னுடையதாகிவிட்டது. ஒரு சிறு பத்திரிகையில் மூன்று கட்டுரை என் பெயரில் வந்தது. ஒன்றில் என் போட்டோவும் இருந்தது. ஒன்றையும் உன் கண்ணில் காட்டவில்லை.

புதன்கிழமைகளும் மாறிவிட்டன. உனக்கு அது என்னைவிட முன்னாலேயே தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் நீ ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். இப்போது உன்னைப் பேசவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறந்துவிடக்கூடாதே என்று ஆபீஸில் என் சீட்டுக்கு வந்து குறித்துவைத்தேன்.

"என்னடி, இப்பெல்லாம் சண்டைக்கே வர மாட்டேங்கற? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று கேட்டாய்.

அந்தக் கூட்டத்தில் என்னதான் பேசுகிறார்கள் என்று ஒரு தடவை ஆசையாகக் கேட்டாய். "சும்மா ஏதாச்சும் வளவளன்னு பேசுவாங்க. உனக்குச் சலிச்சுப்போயிரும். அதுக்காக அத்தனை வளைவு இறங்கி வருவியா?" என்றேன். நீ அதை நம்பினாயா?

போன வருஷம் ஆவணியில் சேந்தமங்கலத்தில் உங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல்லில் நர்ஸிங் படிக்கும் நித்யாவும் வந்திருந்தாள். கல்யாணம் முடிந்து, மலைக்கு பஸ் வர நேரம் இருந்ததால், என்னைத் திடீரென்று வந்து பார்க்கலாம் என்று விசாரித்து விசாரித்து அந்த மாடிக்கு ஏறியிருக்கிறாய்.

நான் அப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மலைவாழ் மக்களைப் பற்றி எழுதிய ஒரு நாவல். எல்லோரும் கொண்டாடிய நாவல். அதற்கு இரண்டு வாரம் முன்னால் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "இதுல மலைக்காரங்க எப்பப் பாத்தாலும் அருவியவே பாத்துட்டு நிக்கறாங்க. ஒருத்தருக்கும் இடுப்பு வலிக்கல. அப்பறம் களை எடுக்கறது யாரு?" நான் அதையே சொன்னேன். சிரிப்பும் கைத்தட்டலும் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பத்து வருஷமா மலைக்குப் போய்வர்றவ, என் கண்ணால பாத்துச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

களைக்கொத்தைக் கையால் தொட்டதில்லை நான்.

கடைசி வரிசையில் கல்யாணச் சேலையோடு நீ உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். நித்யா சட்டென்று உன் பக்கம் திரும்பினாள். நீ அவள் முழங்கால் மேல் கையை வைத்தாய். மற்றவர்கள் தட்டி முடித்த பிறகு நீயும் இரண்டு தட்டுத் தட்டினாய்.

கூட்டம் முடிந்து என்னிடம் வந்தாய். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"நல்லாப் பேசுனீங்க" என்றாய்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த 'ங்க'. தலைவர் பக்கத்தில் நின்று, "யாருங்க இவங்க?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். இதைப் படிப்பவர்களுக்குத்தான் தெரியாது. "கொல்லிமலைல இருந்து வர்றாங்க. எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்களும் கதையெல்லாம் படிப்பீங்களாம்மா?"

"ஏதோங்க. எழுத்துக்கூட்டிப் படிப்பேனுங்க" என்றாய் நீ. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று படி இறங்கினாய். நித்யா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். புத்தகத்தைக் கொடுத்தாய். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாருந்துச்சுங்க."

அதற்கடுத்த வாரமும் "நல்லாருந்துச்சுங்க." வேண்டுமென்றே ஒரு மட்டமான புத்தகமாகத் தேடி எடுத்துவந்தேன். முதல் பக்கத்திலேயே நீ தூக்கிப் போட வேண்டிய புத்தகம். அப்படியாவது திட்டுவாய் என்று பார்த்தேன். அதற்கும் "நல்லாருந்துச்சுங்க" தான். ஒருநாள் துணிந்து, "அன்னிக்குக் கூட்டத்துல..." என்று இழுத்தேன். நீ வானத்தைப் பார்த்தாய். "துணி காயப்போட்டது கெடக்குதுங்க, மழ வந்துரும், வாரேனுங்க" என்று எழுந்துவிட்டாய். மழை வருகிற மாதிரி இல்லை. பின்னாலேயே ஓடி வந்து உன் கையைப் பிடித்திருக்கலாம். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது இதைவிடக் கேவலம். அந்த நாலு மாதம் கூட்டத்தில் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். புதன்கிழமைகளில் நான் ஏங்கியது உனக்காகவா, அடுத்த மாதத்துக்கு ஒரு கருத்து கிடைக்காதா என்பதற்காகவா? இன்றுவரை எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

தை மாதம் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது ஏணியிலிருந்து இறங்கி, தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாயாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்து வண்டியில் போட்டுக் கீழே கொண்டு போனார்கள். காரவள்ளி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றரை மைல் தள்ளி என் சீட்டில் உட்கார்ந்து நான் ஏதோ ஃபைலுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் உன் சனம் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. யாரோ என்னைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் மேடம் வந்திருக்கறாங்க, ஒரு சேர் போடுங்கப்பா" என்றார்கள். போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உனக்கு யாரோ ஒரு ஆபீஸ்காரி மாதிரி அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து நித்யா என் ஆபீஸுக்கு வந்தாள். உன்னிடம் இருந்த நூலகப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். அவளை நிறுத்தி, "அம்மா என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா கண்ணு?" என்று கேட்டேன். எனக்கு என்ன பதில் வேண்டியிருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவள் நேராகவே சொன்னாள்.

"அன்னிக்கு பஸ்ஸுல நான் அம்மாகூடச் சண்ட போட்டனுங்க. நீ சொன்னதத்தான அவங்க சொல்றாங்க, நீ ஏன் கம்முனு உக்காந்திருந்தேன்னு கேட்டேன். 'அத்தன பேரு உக்காந்து கேட்டாங்கல்ல. நான் போய்ச் சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களா?'ன்னுச்சு. ஊட்டுக்கு வந்து சோறாக்கறப்ப, 'எம்பேர ஒருக்கா சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பா'ன்னுச்சு. அவ்வளவுதானுங்க. அதுக்கப்பறம் அதப் பத்திப் பேசவே இல்ல."

அந்த மாதம் கூட்டத்துக்குப் போனேன். மைக்கை வாங்கி, இரண்டு வருஷமாக நான் பேசியதெல்லாம் பழனியம்மா என்ற ஒரு விவசாயி சொன்னது, என்னுடையது ஒரு வரிகூட இல்லை என்றேன். கல்லால் அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன் போல. தலைவர் நெகிழ்ந்து போய், "செத்துப்போன சிநேகிதிக்குத் தன்னோட பெருமையெல்லாம் தூக்கிக் குடுக்கறாங்க பாருங்க. என்ன ஒரு அடக்கம்!" என்றார். அதற்கும் கை தட்டினார்கள், பழனியம்மா! உன்னைத் திருடியதற்கு ஒரு கைத்தட்டல், திருடினேன் என்று சொன்னதற்கு இன்னொன்று.

"இது அடக்கம் இல்லீங்க. திருட்டு" என்று சத்தம் போட்டேன். அழுதுவிட்டேன். அப்போதுதான் அறை அடங்கியது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் வழக்கமாக ஓரத்தில் உட்காருவார், அதிகம் பேசமாட்டார். அவர் எழுந்தார்.

"அந்தம்மா ஒருநா இங்கயே வந்திருந்தாங்களே. பச்சைப் பட்டுச்சேல கட்டிட்டு, பொண்ணோட. அன்னிக்கு ஏனுங்க சொல்லல?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் என்னை மரியாதையாக நடத்தியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது.

பத்திரிகை ஆசிரியருக்கு போன் செய்து, மூன்று கட்டுரைக்கும் ஒரு திருத்தம் போடச் சொன்னேன். "அதெல்லாம் யாருங்க படிக்கப் போறாங்க? அந்தம்மாவப் பத்தி ஒரு நினைவஞ்சலியா எழுதிக் குடுங்க, போடறேன்" என்றார். அதுதான் இது. ஆகவே இதைப் படிக்கிறவர்களே, சாப்பிடாத தாயைப் பற்றியும், களை எடுக்காத மலைக்காரர்களைப் பற்றியும், தபால்காரர் பெண்டாட்டி அணைத்த அடுப்பைப் பற்றியும் என் பெயரில் நீங்கள் படித்ததெல்லாம் பழனியம்மா சொன்னது. கொல்லிமலையில் மரவள்ளியும் மிளகும் போட்டவள். அவளை நீங்கள் நேரில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவிடாமல் குறுக்கே நின்றது நான்.

உன் வீட்டுக்காரர் முன்னைவிட இளைத்துவிட்டார், ஆனால் தோட்டத்தை விடவில்லை. நித்யா இரண்டாம் வருஷப் பரீட்சை எழுதி முடித்து லீவுக்கு வந்திருக்கிறாள். நீ ஐப்பசிக்கு என்று வைத்திருந்த மூன்று பாகத்தில் முதல் பாகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த வரி வேண்டாமோ அடித்துவிடு என்றேன். உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை அடித்தாள். 'நீ என்னை எப்போதோ மன்னித்திருப்பாய், எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தேன்.

"எங்கம்மா அப்படி ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள்.

அந்த வரியை நான் திரும்ப எழுதவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், பழனியம்மா. இனி எங்கே நின்று பேசினாலும் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உன் சொல்லைச் சொல்வேன். சொந்தமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லாத மாதம், வாயை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

உன் கூட்டாளி,
கலா